அலுவலக இணைய வாசலுக்கு ரிச்சி தெருவில் வாங்கிய பழைய டெல் கணினி: ஒன்றரை ஆண்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்தைந்து பேர் வேலை பார்க்கும் ஒரு சிறு நிறுவனத்தின் கணினிகளை நான் கவனித்துக்கொள்கிறேன். இயந்திர உதிரிபாகங்களுக்கு வரைபடம் போடுகிற பிரிவு ஒன்று, கணக்குப் பிரிவு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒரு டேலி சர்வர், வெளியிலிருந்து வரும் இரண்டு ஃபைபர் இணைப்புகள் என்று எங்கள் ஏற்பாடு எளிமையானது. அந்த இணைப்புகளுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நின்று, வருவதையும் போவதையும் சோதித்து அனுப்புகிற கேட்வே கணினிக்கு என்ன வன்பொருள் வாங்குவது என்பதில் நான் முதல் முறை தவறினேன். 2024 ஜூனில் சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கிய டெல் ஆப்டிபிளெக்ஸ் 7050 என்ற பழைய கணினியையும் அதில் பொருத்திய நான்கு போர்ட் இன்டெல் லேன் கார்டையும் பற்றியதே இந்த மதிப்புரை என்றாலும், அதற்கு முன் வாங்கிய பெட்டியின் கதையைச் சொல்லாமல் இதை ஏன் வாங்கினேன் என்று விளக்க முடியாது.

முதலில் தேவையைச் சொல்லிவிடுகிறேன். இணைப்பு நிறுவனம் இலவசமாகத் தந்த ரவுட்டர் ஐந்து பேருக்குப் போதும். எங்களுக்கோ ஒரு லைன் அறுந்தால் மற்றொன்று தானே எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏழெட்டுப் பேர் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக டேலிக்குள் வர வேண்டும். வாடிக்கையாளர்களுக்குத் தரும் வைஃபை, கணக்குப் பிரிவின் கணினிகளைத் தொடவே கூடாது. இவற்றோடு சட்டக் கடமை ஒன்றும் இருக்கிறது. கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவேடுகளை (லாக்) 180 நாட்களுக்கு இந்தியாவுக்குள் பாதுகாத்து வைக்க வேண்டும், கணினிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்தி வைக்க வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கும் இது 2022 செப்டம்பர் 25 முதல் பொருந்துகிறது. இது பெரிய நிறுவனங்களுக்கானது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பலரை நான் தொழிற்பேட்டையிலேயே பார்த்திருக்கிறேன். கேட்வேயில் ஓடும் ஃபயர்வால் என்ற காவல் மென்பொருள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 மெகாபைட் பதிவு எழுதுகிறது. 180 நாளுக்குக் கணக்கிட்டால் 36 ஜிகாபைட். ஆகவே 256 ஜிகாபைட் எஸ்எஸ்டி ஒன்று தாராளமாகப் போதும்.

எங்கள் முதலாளி முதலில் இரண்டு டெராபைட் ஹார்டு டிஸ்க் போடச் சொன்னார். அவருடைய நினைவில் இருந்தது, ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருளை நிறுவி, ஒருவர் பார்த்த பக்கத்தை டிஸ்கில் சேமித்து மற்றவருக்கும் அதையே எடுத்துக் கொடுத்து, 512 கேபி லைனை முப்பது பேர் பகிர்ந்துகொண்ட காலம். இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில்தான் வருகின்றன; நடுவில் நிற்கும் கணினி உள்ளே இருப்பதைப் பார்க்கவும் முடியாது, சேமிக்கவும் முடியாது. பெரிய டிஸ்குக்குச் செலவிட இருந்த பணம் அங்கேயே மிச்சமாயிற்று.

ஃபயர்வால் மென்பொருளாக ஓபிஎன்சென்ஸ் என்பதை எடுத்துக்கொண்டோம். 2015இல் பிஎஃப்சென்ஸ் என்ற மற்றொரு ஃபயர்வால் மென்பொருளிலிருந்து கிளை பிரிந்த இது, ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தின் மேல் ஓடுகிறது. உரிமக் கட்டணம் இல்லை. இதன் ஆவணத்தில் பரிந்துரைக்கப்படும் அளவே 1.5 கிகாஹெர்ட்ஸ் செயலி, 8 ஜிகாபைட் ராம், 120 ஜிகாபைட் எஸ்எஸ்டி என்பதுதான். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். கேட்வே என்றவுடன் செயலியின் வேகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். எங்கள் 300 எம்பிபிஎஸ் லைன் முழுவதும் நிரம்பி ஓடினாலும், தரவு பயணிக்கும் சிறு பொட்டலமான பாக்கெட் ஒன்று 1,500 பைட் என்று கொண்டால், நொடிக்கு 25,000 பாக்கெட்டுகள்தான் கடந்து போகின்றன. பத்தாண்டுக்கு முந்தைய மேசைக் கணினிக்குக்கூட இது ஒரு வேலையே இல்லை.

இவ்வளவு தெரிந்தும் 2024 பிப்ரவரியில் நான் வாங்கியது, இணையத்தில் எல்லோரும் புகழ்ந்துகொண்டிருந்த, விசிறியில்லாத சிறிய பெட்டிகளில் ஒன்று. பெயர் சொல்லப் போவதில்லை. ஒரே அச்சில் வார்த்த பல பெட்டிகள் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. உள்ளே 2023 தொடக்கத்தில் வெளியான இன்டெல் என்100 செயலி, நான்கு 2.5 ஜிகாபிட் போர்ட்டுகள், அவற்றுக்கு இன்டெல் ஐ226 சில்லு. ராமும் எஸ்எஸ்டியும் சேர்த்து 21,500 ரூபாய் ஆயிற்று. பெட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, சத்தமே கிடையாது, சுவரிலிருந்து 11 வாட்தான் இழுத்தது. மூன்று மாதம் நான் அதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினேன்.

மே மாதம் வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஏழு மணிக்கு ஏசியை நிறுத்திவிடுவார்கள். சுவர் அலமாரிக்குள் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி என்ற பெட்டிகள் இரண்டு, ஸ்விட்ச் ஒன்று, இந்தப் பெட்டி ஆகியவை சேர்ந்து மூச்சு முட்டிக்கொண்டிருக்க, இரவு பத்து மணிக்குச் செயலியின் வெப்பம் 84 டிகிரி காட்டியது. விசிறியில்லாத பெட்டியில் அலுமினிய உறையே வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். வெளிக்காற்றே 38 டிகிரி என்றால் அது எங்கே தள்ளும்? அந்தச் செயலி 105 டிகிரி வரை தாங்குமாறு வடிவமைக்கப்பட்டதுதான். ஆனால் அதன் அருகே ஒட்டிக்கொண்டிருக்கும் எஸ்எஸ்டிக்கு அந்த வரம் இல்லை. அலமாரிக் கதவைக் கழற்றி வைத்து, யுஎஸ்பியில் ஓடும் ஒரு சிறு விசிறியை மேலே உட்கார வைத்தேன். விசிறியில்லாத பெட்டிக்கு விசிறி வைத்த அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு மாலை இடியும் மழையும் மின்வெட்டும் சேர்ந்து வந்துபோன பிறகு, முதல் லைன் செருகியிருந்த போர்ட் செத்துவிட்டது. மற்ற மூன்று போர்ட்டுகளும் நன்றாகவே இருந்தன. ஃபைபர் வழியாக மின்னல் வராது என்பதால், ஓஎன்டியின் அடாப்டர் வழியாக வந்து லேன் கம்பியில் ஏறியிருக்கலாம் என்பது என் ஊகம். நான்கு போர்ட்டுகளும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டவை. ஒன்று போனால் அதை மட்டும் மாற்ற வழியில்லை. விற்றவரிடம் பேசினேன். “போர்டை கம்பெனிக்கு அனுப்பணும் சார். மூணு வாரம், நாலு வாரம் ஆகும். வாரண்டில வருமான்னு பார்த்துட்டுத்தான் சொல்வாங்க” என்றார். மூன்று வாரம் என்பது ஒரு ஜிஎஸ்டி தாக்கல் நாளையும் ஒரு சம்பள நாளையும் விழுங்கிவிடக்கூடிய காலம். மீதி மூன்று போர்ட்டுகளை வைத்து அன்று சமாளித்தேன். ஆனால் அந்தப் பெட்டியின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

அடுத்து வாங்குவதற்கு நான் வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பாகம் போனாலும் அன்று மாலைக்குள் சென்னையிலேயே அதற்கு மாற்று கிடைக்க வேண்டும். அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம் தள்ளி அரசினர் தோட்டம், பிறகு சிறிது நடை; ரிச்சி தெருவுக்குப் போய்த் திரும்ப அரை நாள் போதும். ஆகவே ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் எது குவிந்து கிடக்கிறதோ, அதைக் கொண்டே கேட்வே கட்டுவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அங்கே குவிந்து கிடந்தவை, பெரிய நிறுவனங்கள் மொத்தமாகக் கழித்துக்கட்டிய டெல், எச்பி, லெனோவோ கணினிகள். இதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 11க்கு இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவதாக முன்பே அறிவித்திருந்தார்கள். அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் நல்ல நிலையில் இருந்தும் மதிப்பிழந்து சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. ஃப்ரீபிஎஸ்டிக்கு இந்தத் தலைமுறைக் கணக்கு எதுவும் கிடையாது. எட்டாம் தலைமுறைக் கணினியை 15,000 சொன்ன அதே கடையில், ஏழாம் தலைமுறை ஐ5-7500 செயலி கொண்ட ஆப்டிபிளெக்ஸ் 7050ஐ, 8 ஜிகாபைட் ராமும் 256 ஜிகாபைட் எஸ்எஸ்டியும் சேர்த்து 9,500 ரூபாய்க்குக் கொடுத்தார்கள்.

இந்த மாடல் மூன்று உடல்களில் வருகிறது. நமக்கு வேண்டியது எஸ்எஃப்எஃப் என்று சொல்லப்படும் ஒல்லிப் பெட்டி. மைக்ரோ என்ற குட்டிப் பெட்டியில் லேன் கார்டு செருக இடமே இல்லை. டவர் தேவையில்லாமல் இடத்தை அடைக்கும். ஒல்லிப் பெட்டியில் இரண்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகள் இருக்கின்றன, ஆனால் அரை உயரக் கார்டுகள்தான் பொருந்தும். கார்டு வாங்கும்போது, அதைப் பெட்டியோடு திருகிப் பிடிக்கும் தகட்டின் குட்டை வடிவம் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்கு வந்த பிறகு ரம்பம் எடுக்க வேண்டி வரும்.

இப்போது கார்டு. இந்த மதிப்புரையில் யாராவது ஒரு பத்தியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படிக்கட்டும். ஒரு கேட்வேயின் நல்ல பெயரும் கெட்ட பெயரும் அதன் லேன் கார்டால்தான் வருகின்றன. மலிவான கார்டுகளிலும் பெரும்பாலான மேசைக் கணினிகளின் தாய்ப்பலகையிலும் இருப்பது ரியல்டெக் சில்லு. விண்டோஸில் அது ஒழுங்காகவே ஓடும். ஆனால் ஃப்ரீபிஎஸ்டியில் அதற்கான டிரைவர், சுமை ஏறும்போது இணைப்பை விட்டுவிடுகிறது என்ற புகார் நெடுங்காலமாக உண்டு. அதற்கென்றே ஓபிஎன்சென்ஸில் ரியல்டெக் நிறுவனத்தின் சொந்த டிரைவரைத் தனிச் செருகுநிரலாக வைத்திருக்கிறார்கள். அந்தத் தொல்லையே வேண்டாமென்றால் இன்டெல் ஐ350-டி4 கார்டை எடுத்துக்கொள்ளலாம்: நான்கு ஒரு ஜிகாபிட் போர்ட்டுகள், பல்லாயிரம் சர்வர்களில் ஆண்டுக்கணக்காக ஓடித் தேறியது, ஏறக்குறைய 5 வாட்தான் இழுக்கும். ஆனால் இதே பெயரில் போலிகளும் நிறைய உலவுகின்றன.

கடைக்காரர் என் முன்னால் இரண்டு கார்டுகளை வைத்தார். ஒன்று புத்தம் புதியது, பளபளக்கும் உறையில், 1,300 ரூபாய். மற்றொன்று சர்வரிலிருந்து கழற்றிய பழையது, விளிம்பில் டெல்லின் பாக எண் ஒட்டியது, 2,600 ரூபாய். “புதுசு இருக்கும்போது பழசுக்கு எதுக்கு சார் டபுள் விலை குடுக்கிறீங்க?” என்று அவரே கேட்டார். அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் அப்படித்தான் சொல்லி விற்றிருப்பார்கள். புதிய அசல் ஐ350-டி4 அந்த விலைக்கு வரவே வராது. அசல் கார்டின் போர்ட் உறையில் டெல்டா போன்ற தயாரிப்பாளரின் பெயர் பொறித்திருக்கும். போலியில் அந்த இடம் வெறுமையாக இருப்பதுண்டு. எனக்குத் தெரிந்த நிச்சயமான வழி, பெரிய நிறுவனங்களின் சர்வரிலிருந்து கழற்றிய, டெல், எச்பி முத்திரையுள்ள கார்டை வாங்குவதுதான். அவை ஏற்கெனவே ஐந்தாறு ஆண்டுகள் உழைத்தவை என்பது அவற்றின் குறையல்ல.

ஓபிஎன்சென்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி எடுத்துப் போயிருந்தேன். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வசதி அதில் இருக்கிறது. கடையிலேயே கார்டைச் செருகி, கணினியைக் கிளப்பி, நான்கு போர்ட்டுகளும் ஐஜிபி என்ற டிரைவர் பெயரோடு வரிசையாகத் தெரிகின்றனவா, ஒவ்வொன்றிலும் கம்பி செருகினால் ஒரு ஜிகாபிட் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். இதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கடைப் பையன் இரண்டு முறை பெருமூச்சு விட்டான். அதைத் தவிர யாரும் ஆட்சேபிக்கவில்லை. தாய்ப்பலகையில் இருக்கும் போர்ட்டும் இன்டெல்லுடையதே என்பதால் மொத்தம் ஐந்து போர்ட்டுகள் கிடைத்தன.

“பில்லு வேணுமா சார், இல்லாம போட்டுடலாமா?” என்ற கேள்வியும் வந்தது. பில் இல்லாமல் விலை குறைவதுபோலத் தோன்றும். நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து பில் வாங்கினால், கணினிக்குக் கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். மூன்று மாதக் கடை வாரண்டியைக் கேட்கவும் அந்தத் தாள்தான் துணை. நான் பில்லோடுதான் வாங்கினேன், இரண்டு செட்டாக வாங்கினேன். இரண்டு கணினிகளுக்கு 19,000, இரண்டு கார்டுகளுக்கு 5,200, மொத்தம் 24,200 ரூபாய். முன்பு ஒரு பெட்டிக்குக் கொடுத்ததைவிட 2,700 ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததில், ஓடுகிற கணினி ஒன்றும் அலமாரியில் காத்திருக்கிற கணினி ஒன்றும் கிடைத்துவிட்டன.

ஒன்றரை ஆண்டாக அது எப்படி ஓடுகிறது? செயலியின் சுமை பகலில் நான்கைந்து சதவீதத்தைத் தாண்டுவதில்லை. வீட்டிலிருந்து வருபவர்களுக்கு வயர்கார்டு விபிஎன் வைத்திருக்கிறோம்; எட்டுப் பேர் சேர்ந்து டேலியில் இருந்தாலும் கணினி அதைக் கவனிப்பதாகவே தெரியவில்லை. இந்த இடத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஓபன்விபிஎன், ஐபிசெக் போன்ற பழைய முறைகள் ஏஇஎஸ் என்ற மறையாக்கத்தைப் பயன்படுத்துவதால், செயலியிலேயே அதற்கான கட்டளைகள் இருந்தால்தான் வேகமாக ஓடும். வயர்கார்டு வேறு முறையைப் பயன்படுத்துவதால் அதற்கு அந்தக் கட்டளைகள் தேவையில்லை. ஐ5-7500இல் அவை இருக்கின்றன. 2013இல் வந்த ஜே1900 செயலி கொண்ட குட்டிப் பெட்டிகள் இன்றும் மலிவாக விற்கின்றன, அவற்றில் அவை இல்லை. நான்கு போர்ட்டைப் பார்த்து மயங்கி அதை வாங்கிவிட வேண்டாம்.

செயலியின் வேகம் உண்மையிலேயே கணக்குக்கு வரும் இடம் ஒன்று இருக்கிறது. பிஎஸ்என்எல் ஃபைபர் போல பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து பிபிபிஓஇ முறையில் நுழையும் இணைப்புகளில், உள்ளே வரும் பாக்கெட்டுகளைச் செயலியின் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஃப்ரீபிஎஸ்டியால் இயல்பாக முடிவதில்லை. எல்லாம் ஒரே கோரின் தலையில் விழும். நான்கு கோர் இருந்தும் மூன்று வேடிக்கை பார்க்கும். ஆகவே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம், 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் இந்தச் செயலிக்கு ஒரு ஜிகாபிட் வரை கவலை இல்லை, ஒரு கிகாஹெர்ட்ஸில் ஓடும் சிறு பலகைகளுக்குத்தான் அது சுவர்.

மின்சாரம்தான் இந்தத் தேர்வின் பலவீனம், அதை மறைக்கக் கூடாது. கார்டோடு சேர்த்து இது சராசரியாக 24 வாட் இழுக்கிறது. ஆண்டுக்கு 210 யூனிட். முந்தைய பெட்டி 11 வாட்டில் 96 யூனிட்டோடு நின்றது. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,140 ரூபாய் கூடுதல். எங்களுக்கு அது ஏற்புடையது. ஆனால் மூலையில் கிடக்கிறது, காசே இல்லையே என்று பழைய டவர் ஒன்றைத் தூசு தட்டிப் போடுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்: 55 வாட் இழுக்கும் டவர் ஆண்டுக்கு 482 யூனிட் தின்னும், அதாவது 4,820 ரூபாய். இலவசக் கணினி இரண்டே ஆண்டில் இந்தக் கணினியின் விலையை விழுங்கிவிடும்.

வெப்பம் பிரச்சினையாகவே இல்லை. உள்ளே விசிறி இருக்கிறது, உடலில் காற்றுக்கு இடமும் இருக்கிறது. 2025 மே மாதத்திலும் செயலி 60 டிகிரியைத் தாண்டவில்லை. அதற்கு விலையாகத் தூசு வருகிறது. லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து ஊதாவிட்டால் விசிறி புலம்பத் தொடங்கிவிடும். அமைதியான அறையில் மேசைக்கருகே வைப்பவர்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்காமல் போகலாம்.

மின்வெட்டுக்கு இரண்டு அமைப்புகளைக் கட்டாயம் செய்ய வேண்டும். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் ஏசி ரெக்கவரி என்ற இடத்தில் பவர் ஆன் என்று வைத்துவிட்டால், கரண்ட் வந்ததும் கணினி தானே கிளம்பும். பழைய கணினிகள் பெரும்பாலும் இது அணைக்கப்பட்ட நிலையில்தான் கடையிலிருந்து வருகின்றன. ஞாயிறு இரவு கரண்ட் போய் வந்து, திங்கள் காலை ஒன்பது மணிக்கு முப்பத்தைந்து பேர் இணையமில்லாமல் உட்கார்ந்திருக்க, பொத்தானை அழுத்த ஒருவர் ஓடிப் போகும் காட்சியை இது தவிர்க்கும். நிறுவும்போது இசட்எஃப்எஸ் கோப்பமைப்பைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது. திடீரென்று அணைந்தாலும் டிஸ்கில் எழுதியவை சிதைவதற்கான வாய்ப்பு குறைவு. சாதாரண 600 விஏ யுபிஎஸ் ஒன்றில், கேட்வே, ஓஎன்டிகள், ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்து 50 வாட்டுக்குள் நிற்பதால், புது பேட்டரியில் முக்கால் மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. சென்னை வெயிலில் அந்த பேட்டரி இரண்டு ஆண்டு வந்தால் அதிகம்.

எங்கே வைப்பது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தரைத்தளத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அன்று தரையில் இருந்த யுபிஎஸ் போயிற்று, சுவரில் ஆறடி உயரத்தில் இருந்த ரவுட்டர் பிழைத்தது. ஆப்டிபிளெக்ஸின் ஒல்லிப் பெட்டி ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தாங்கும் சுவர் அலமாரிக்கு நல்ல போல்ட்டுகள் வேண்டும்.

வேறு தேர்வுகளை நான் பார்க்காமல் இல்லை. லெனோவோவின் எம்720க்யூ டைனி அழகான கணினி. எட்டாம் தலைமுறை, புத்தக அளவு, இதைவிடக் குறைந்த மின்சாரம். அதில் லேன் கார்டைப் பொருத்த 01ஏஜே940 என்ற எண்ணுள்ள, ரைசர் என்ற இணைப்புப் பலகையைத் தனியாக வாங்க வேண்டும், அதைப் போட்டால் 2.5 அங்குல டிஸ்குக்கான இடம் போய்விடும். இணையத்தில் தேடி வரவழைக்கிறவர்களுக்கு அது சரி. ரிச்சி தெருவில் நான் ஏறி இறங்கிய கடைகளில் அந்த ரைசர் கிடைக்கவில்லை; என் நிபந்தனையின்படி அங்கேயே அது தோற்றுவிட்டது. பத்துப் பதினைந்து பேருள்ள அலுவலகத்துக்கு இந்த அளவுக்கே போக வேண்டியதில்லை. மைக்ரோடிக்கின் ஹெக்ஸ், டிபி-லிங்கின் ஈஆர்605 போன்ற சிறு ரவுட்டர்கள் இரண்டு லைனைச் சமாளிக்கும், சில வாட்தான் இழுக்கும். பதிவேடுகளை மட்டும் வேறொரு கணினிக்கு அனுப்பி வைத்துக்கொள்ள வேண்டும். ராஸ்பெர்ரி பை யோசனையை நான் சீக்கிரமே கைவிட்டேன்: ஒரே ஒரு லேன் போர்ட், ஓபிஎன்சென்ஸின் அதிகாரபூர்வ ஆதரவும் இல்லை.

ஏசி எந்நேரமும் ஓடும் அறை இருந்து, 2.5 ஜிகாபிட் வேகம் உண்மையிலேயே தேவைப்பட்டு, மூன்று வாரம் காத்திருக்க மாற்று ஏற்பாடும் இருப்பவர்களுக்கு நான் முதலில் வாங்கிய வகைப் பெட்டியே மேலானது என்று தயங்காமல் சொல்வேன். ஐ350 ஒரு ஜிகாபிட்டோடு நின்றுவிடும். வேக இணைப்பு வந்தால் கார்டை மாற்ற வேண்டும். இன்னொரு குறை, ஏழாம் தலைமுறைச் செயலிகள் 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்கு ஆளானவை. அந்நியர் எழுதிய நிரல்களை ஓட்டும் கணினிக்குத்தான் அது பெரிய கவலை. ஃபயர்வாலைத் தவிர வேறெதையும் இதில் ஓட்டாதிருப்பதும் அதனால்தான். டேலியையும் இதிலேயே போட்டுவிட்டால் ஒரு கணினி மிச்சமாகுமே என்று யாராவது கேட்டால், நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

இரண்டாவது கணினி அலமாரியின் மேல்தட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, ஓடுகிற கணினியின் அமைப்புக் கோப்பைப் பதிவிறக்கி அதில் ஏற்றி, கம்பிகளை மாற்றிச் செருகி, அடுத்த மாதம் வரை அதை ஓட விடுகிறேன். போர்ட்டுகளுக்கு வண்ண ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால் இந்த வேலை பன்னிரண்டு நிமிடத்தில் முடிகிறது. போன ஆகஸ்டில் நான் ஊரில் இல்லாத ஒரு நாள், ஓடிக்கொண்டிருந்ததன் பவர் சப்ளை போயிற்று. அலுவலக உதவியாளர் தொலைபேசியில், “அண்ணா, சிவப்பு சிவப்புல, நீலம் நீலத்துல. அவ்வளவுதானே?” என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாள் ரிச்சி தெருவில் பழைய டெல் பவர் சப்ளை ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கிப் போட்டோம்.